ஓசி ஜாடி

யார் அந்தச் செய்தியை அழிக்கச் சொன்னது?

முந்தாநாள் காலையில் நம் பள்ளித் தோழிகள் குரூப்பில் ஒருத்தி, "நம்ம ஓசி வருதா?" என்று கேட்டிருந்தாள். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே நாம் எல்லாரும் விருத்தாசலத்தில் ஒரு நாள் கூடிச் சாப்பிடுவது என்று பேசிக்கொண்டிருந்தோம் இல்லையா, அதற்காகத்தான் கேட்டாள். உடனே நம்மில் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள், "இந்த வயசுல ஒருத்தங்கள இப்படியா கூப்பிடறது? அவங்க மனசு என்ன பாடுபடும்?" என்று எழுதினாள். நாலைந்து பேர் ஆமாம் போட்டீர்கள். கேட்டவள் தன் செய்தியை அழித்தாள், மன்னிப்புக் கேட்டாள், குரூப்பை விட்டே போய்விட்டாள். நான் அந்த நேரம் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், என் மனசு புண்பட்டதாக நீங்களே முடிவு கட்டி, எனக்காகச் சண்டை போட்டு, ஜெயித்தும் விட்டிருக்கிறீர்கள்.

என் மனசு ஒன்றும் புண்படவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது நீங்கள் கேட்காமலே சொல்கிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். குரூப்பை விட்டுப் போனவளுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அவளைத் திரும்பச் சேர்க்கிற வரைக்கும் எனக்கு உங்கள் சாப்பாடும் வேண்டாம், உங்கள் பரிதாபமும் வேண்டாம்.

நான் ஓசிதான். எட்டாவது படிக்கும்போது வகுப்பில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது வருகைப் பதிவேடு ஒன்றுதான். பென்சில் சீவும் பிளேடு ஓசி, வாரப் பத்திரிகை ஓசி, சைக்கிள் பின்சீட்டு ஓசி, இன்டர்வெல்லில் மாங்காய்க் கீற்று ஓசி. சித்திரை வைகாசியில் முந்திரிப்பழம் கூடை கூடையாக வருமே, கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தைச் சும்மா குவித்திருப்பார்கள். அந்தக் குவியல் பக்கத்தில் போய் நின்றால் போதும், கை நிறையக் கிடைக்கும். அப்படியே தின்றால் தொண்டை கரகரக்கும் என்று, எதிர்க்கடையில் ஒரு சிட்டிகை உப்பும் ஓசி கேட்பேன். சட்டையில் முந்திரிப்பழக் கறை போகவே போகாது. அந்தக் கறையை வைத்தே என்னைத் தூரத்திலிருந்து கண்டுபிடித்து, "ஓசி வருதுடி, ஒளிச்சி வெய்யிங்க" என்று கத்தினது யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போது கும்பிடு போடுகிற பொம்மை அனுப்பியவர்களும் அதில் உண்டு.

ஆனால் ஒன்று. ஓசி கேட்பதற்கு என்னிடம் ஒரு முறை இருந்தது. கடன் என்றால் திருப்பித் தரவேண்டும். திருட்டு என்றால் கொடுப்பவளுக்குத் தெரியாது. பிச்சை கேட்பவர்கள் தரையைப் பார்த்துக் கேட்பார்கள். நான் மூஞ்சிக்கு நேராகப் பார்த்து, சிரித்துக்கொண்டே, "ஓசி குடுடி" என்பேன். "போடி" என்றால் போய்விடுவேன், மறுநாள் வருவேன். ஒருத்தியிடம் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தால் அதை மட்டும் கேட்கமாட்டேன். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நம் வரலாற்று வாத்தியார் ஒரு தடவை இந்தச் சொல்லுக்கு விளக்கம் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் கம்பெனிக் காகிதம் போகிற உறை மேல் ஓ.சி. என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து முத்திரை குத்துவார்களாம், அந்த உறைக்குத் தபால் காசு கிடையாதாம், அந்த இரண்டு எழுத்துதான் நம் வாயில் ஓசி ஆச்சாம். நிஜமோ கதையோ, எனக்குத் தெரியாது. நான் கை தூக்கி, "அப்ப மொத ஓசி அவந்தானே சார்? ஏன் சார் எங்கள மட்டும் சொல்றாங்க?" என்று கேட்டேன். பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார்.

எங்கள் அம்மாவுக்கு அந்தச் சொல்லே ஆகாது. அப்பா லாரியில் போனவர், வந்தால் வந்தார். அம்மாவுக்குத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சை ஜாடிகளை ஈரப் பஞ்சால் துடைத்து வழுவழுப்பாக்கி, வரிசையாகக் காயவைக்க வேண்டும். ஊறுகாய் ஜாடிதான் அதிகம், மேலே பழுப்பு, கீழே வெள்ளை. அம்மாவின் விரல் நுனிகள் எப்போதும் ஊறிப்போய்ச் சுருங்கியே இருக்கும். காய்ந்ததா இல்லையா என்று பார்க்க அங்கே எல்லாப் பெண்களும் ஜாடியை எடுத்துக் கன்னத்தில் வைப்பார்கள். உள்ளே ஈரம் இருந்தால் கன்னத்தில் சில்லென்று இருக்கும். கைக்கு அது தெரியாது. ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடித்துவிடும்.

அத்தனை ஜாடி துடைத்த அம்மா வீட்டில் ஒரு ஜாடி கிடையாது. உப்பை ஒரு பால்மாவு டப்பாவில் போட்டு வைத்திருந்தோம். டப்பா துருப்பிடித்து உப்பு செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். "கம்பெனில ஒன்னு கேளேம்மா" என்று சொன்னதற்கு, "ஓசி கேட்டா என் மானம் போயிடும்டி. இன்னொரு தடவ அந்த வார்த்த என் காதுல வுழுந்துச்சி, வாயில சூடு வெச்சிடுவன்" என்றாள்.

அதனால் நானே ஒன்று செய்வது என்று முடிவு கட்டினேன். அது எட்டாவது முடிந்த கோடை லீவின் கடைசி வாரங்கள்.

அந்தக் கம்பெனிச் சூளையில் ஒரு வழக்கம் இருந்தது. உருண்டை ஜாடிகளை எப்படி அடுக்கினாலும் நடுவில் சந்து விழும். அந்தச் சந்து வேலைக்காரர்களுடையது. யாரும் எழுதி வைக்கவில்லை, முதலாளியும் கண்டுகொள்ளமாட்டார். கார்த்திகை வந்தால் அகல், மற்ற நாளில் பிள்ளைகளுக்குச் சொப்பு என்று பெண்கள் எதையாவது செய்து சூளை அடுக்குகிற மாமாவிடம் கொடுப்பார்கள், அவர் சந்தில் செருகிவிடுவார். எப்படியும் எரிகிற நெருப்புதானே.

நான் அச்சு ஓரத்தில் வழித்துப் போட்ட மண்ணை வாரிக்கொண்டு வந்து, என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜாடி செய்தேன். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மூடி சரியாக உட்காரவில்லை. ஜாடிக்குப் பளபளப்பு வர கிளேசுக் குழம்பில் முக்குகிற அக்கா, "வாளி அடில கொஞ்சம் இருக்குது, முக்கிக்கினு ஓடு" என்றாள். மண் ஓசி, கிளேசு ஓசி, சந்து ஓசி, நெருப்பும் ஓசி. சூளைக்குக் கொடுக்கும் முன்னால் நாலு நாள் வெயிலில் வைத்துக் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். அடுக்குகிற மாமா வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா ஜாடிடி இது, வாய் கோணிக்கிட்டு இருக்குது" என்று சிரித்தார். ஆனால் உள்ளே வைத்தார். அம்மாவுக்குத் தெரியாது.

இப்போது, குரூப்பை விட்டுப் போனவளுக்கு வருகிறேன். அவள் அந்தக் கம்பெனி சூப்பர்வைசரின் மகள். அவளுடைய சைக்கிள் பின்சீட்டில்தான் நான் பாதி ஊரைப் பார்த்தேன். மேட்டில் மிதிக்க முடியாமல், "எறங்கித் தள்ளுடி ஓசி" என்பாள். இறங்கித் தள்ளுவேன்.

சூளை அடுக்கின அன்றைக்குக் காலையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அலமாரி மேல் ஒரு பிள்ளையார் இருந்தார். களிமண்ணில் கெட்டியாக அழுத்திச் செய்த பிள்ளையார், தும்பிக்கை நுனியில் ஒரு மோதகம். "எங்கப்பா செஞ்சாங்க. யாரோ ஆபீசர் கேட்டாராம், மொதலாளி குடுக்கச் சொன்னாராம். இன்னிக்கு சூளைல வெக்கிறாங்க" என்றாள். நான் சும்மா இருக்காமல் எக்கி நின்று பிள்ளையார் மேல் கன்னத்தை வைத்தேன். சில்லென்று இருந்தது.

"இது இன்னும் காயலடி" என்றேன்.

"போடி, எங்கப்பாவுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். சூப்பர்வைசருக்குத் தெரியாதது எனக்கா தெரியப் போகிறது?

சூளை எரிந்தது, ஆறியது, திறந்தார்கள். ஒரு வரிசை முழுக்க ஜாடிகள் பாழ். சூடு ஏறும்போதே உள்ளே ஏதோ வெடித்து, சில்லு சில்லாகத் தெறித்து, கிளேசு உருகினபோது ஜாடிகள் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஜாடியும் தேறாது. சூப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னதாகவே வந்து சூளையைத் திறந்திருந்தார். வேலைக்காரர்கள் வந்தபோது அவர் கத்திக்கொண்டிருந்தார்.

"சந்துல எவ சாமான் வெச்சது?"

அடுக்குகிற மாமா தலையைக் குனிந்துகொண்டு அம்மா பக்கம் கை காட்டினார். அந்தத் தடவை வேலைக்காரர்களில் வேறு யார் சாமானும் சந்தில் இல்லை.

"தெரியும்யா. ஓசிப் பொழப்பு பொழைக்கிறவளுங்கள உள்ள வுட்டா இதான் கதி. மண்ணும் ஓசி, நெருப்பும் ஓசியா? நாளையிலேர்ந்து நீ வராத."

நான் சூளைக்கு வெளியில் நின்றிருந்தேன். என் ஜாடி எங்கேயும் காணோம். அம்மா பஞ்சை அலசி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, விளக்குமாற்றை எடுத்தாள்.

"கன்னத்துல வெச்சிப் பாத்தியாடி?"

"பாத்தம்மா, நல்லா காஞ்சிருந்துச்சிம்மா. அந்தப் புள்ளையாருதான் ஈரமா இருந்துச்சி."

"எந்தப் புள்ளையாரு?"

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அடி விழுந்தது. "செய்யறதையும் செஞ்சிட்டு சாமி மேல பழி போடுறியா? ஒனக்கு ஓசி வோணுமா ஓசி?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். அடித்து முடித்து அவளே அழுதாள். நாளைக்கு எதை வைத்து உலை வைப்பது என்ற பயம் அந்த அடியில் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது வலி மட்டும்தான் தெரிந்தது. அம்மா என்னை நம்பவில்லை என்பது அதைவிட வலித்தது.

சாயங்காலம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. சூப்பர்வைசர் மகள். இறங்கவில்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஹாண்டில் பாரில் அவள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பை தொங்கியது. அதிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள். என் ஜாடி. ஒரு கீறல் இல்லை. பழுப்பு கிளேசு பளபளவென்று உருகி இறங்கியிருந்தது, வாய் அதே கோணல்.

"எங்க வூட்டு அலமாரி மேல இருந்துச்சி. காலைல எங்கப்பா துண்டுல சுத்திக் கொண்டாந்தாரு" என்றாள்.  

"இந்தா. ஓசி" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டாள்.

நான் கேட்காமல் எனக்குக் கிடைத்த முதல் ஓசி அதுதான்.

அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துக்கொண்டாள், பழக்கத்தில்.  அப்புறம் என்னைப் பக்கத்தில் குந்தவைத்து, அடித்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாள். "யாரு குடுத்தாங்கன்னு வெளியில மூச்சு வுடக்கூடாது" என்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எண்ணெய் தடவினாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அம்மா வேலைக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கம்பெனிக்குள் போனவள் நேராகப் பின்பக்கம் உடைசல் கொட்டுகிற இடத்துக்குப் போனாள். பாழான ஜாடிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மடியில் என் ஜாடியோடு, முதலாளி அறை வாசலில் போய் நின்றாள். அம்மாவோடு ஜாடி துடைக்கிற பெண்கள் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சூப்பர்வைசர்.

அம்மா என் ஜாடியை மேசை மேல் வைத்தாள். "இது எம்பொண்ணு சந்துல வெச்ச ஜாடிங்க. முழுசா இருக்குது."

பாழான ஜாடியை அதன் பக்கத்தில் வைத்தாள். அதன் கழுத்தருகில் சுண்டுவிரல் நீளத்துக்கு வளைந்து ஒரு துண்டு ஒட்டியிருந்தது. நுனியில் குட்டி மோதகம்.

"எம்பொண்ணு ஜாடிக்குத் தும்பிக்கை இல்லீங்க" என்றாள்.

கிளேசு முக்குகிற அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். சூப்பர்வைசர் முகம் கறுத்தது. முதலாளியைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "இந்த ஜாடி ஒன் கைக்கு எப்பிடி வந்துச்சி?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான், தான் ஒளித்து வைத்ததைத் தானே ஒத்துக்கொண்டோம் என்று அவருக்கே உறைத்தது.

 நான் பெண்களின் இடுப்புக்கு நடுவில் தலையை நீட்டி, "ஓசில கெடச்சிது சார்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வீட்டு அலமாரிக்கு யார் கை எட்டும் என்று அவருக்குத் தெரியாதா?

முதலாளி டீயை வைத்துவிட்டு, "அது வேறம்மா. அது ஆபீசருக்குச் செய்யிற மரியாத. நீங்க பண்றது வேற. போனது போவட்டும், வேலயப் பாரு. இனிமே யாரும் சந்துல ஒன்னும் வெக்கக்கூடாது" என்றார்.

அதே சூளை, அதே நெருப்பு, அதே சந்து. அவர்கள் வைத்தால் மரியாதை, நாங்கள் வைத்தால் ஓசி. வாத்தியார் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றின கேள்விக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது. இன்றைக்கு பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் நான் காசில்லாமல் ஏறும்போது யாராவது மூஞ்சியைத் திருப்பினால் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வரும். நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வேன்.

அம்மா என்ன செய்தாள் தெரியுமா? என் ஜாடியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். "பழிய எம்மேல போட்டது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார், வேல செய்யறன்" என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்தார். "அப்ப போயிட்டு வரேங்க" என்று முதலாளியைக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

வீரம் எல்லாம் வாசல் வரைக்கும்தான், வீட்டில் அரிசி இல்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானமே கிளேசு அக்கா ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்போடு வந்தாள். அடுத்த நாள் இன்னொருத்தி கேழ்வரகு மாவு. மூன்றாம் நாள் அடுக்குகிற மாமா வாசலில் வந்து நின்று, மூஞ்சியைக் காட்ட முடியாமல், ஒரு பை நொய்யை வைத்துவிட்டுப் போனார்.  பிள்ளையாரை வைத்தது தெரிந்தும் அவர் பேசாமல் இருந்ததை அம்மா மறக்கவில்லை. நொய்யைக் கொட்டிக் களைந்து உலையில் போட்டாள். "ஓசிதாண்டி, தின்னு" என்றாள். அந்தச் சொல் அம்மா வாயிலிருந்து வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு எதிர்ப்பக்கத்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றைக்கே அம்மா கேட்ட முதல் கேள்வி, "சந்து எங்களுக்குத்தானே?" என்பதுதானாம்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சூப்பர்வைசர் மகள் இடது கையில் முழங்கைக்குக் கீழே நீளமாகக் கன்றிப்போய், தோல் உரிந்து வந்தாள். என்னாடி என்று கேட்டீர்கள். சைக்கிளிலிருந்து விழுந்துட்டேன் என்றாள். "ஓட்டத் தெரியாதவளுக்கு எதுக்குடி சைக்கிளு" என்று நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்குக் கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சைக்கிளிலிருந்து விழுந்தால் பெல்ட்டு அகலத்துக்குக் காயம் வராது.

நானும் சொல்லவில்லை. அப்பா என்று அவளுக்கு இருந்தது ஒருத்தர்தான். அந்த அப்பாவின் பெயரை உங்கள் முன்னால் எப்படிக் கெடுப்பேன்? சாயங்காலம் பின்சீட்டில் ஏறினேன். மேடு வருவதற்கு முன்பே இறங்கித் தள்ளினேன். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு பேச்சுப் பேசினதில்லை. இன்று அவள் அப்பாவும் இல்லை, என் அம்மாவும் இல்லை, அதனால் சொல்கிறேன். அவளை நீங்கள் தலை குனிய வைத்தீர்களே, அதனாலும் சொல்கிறேன்.

அந்த ஜாடியில்தான் அம்மா கடைசி வரைக்கும் உப்பு வைத்திருந்தாள். "ஓசி ஜாடிய எடுடி" என்றுதான் சொல்வாள். மூடி கடைசி வரை சரியாக உட்காரவில்லை. அம்மா காரியத்தன்று பந்தியில் உப்பு வைக்க யாரோ எடுத்தார்கள், அப்புறம் அது திரும்பி வரவில்லை. உங்களில் யார் வீட்டிலாவது இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஓசிதானே.

ஆனால் அந்தச் சொல்லை மட்டும் என்னிடமிருந்து எடுக்காதீர்கள். அதை என் மூஞ்சிக்கு நேராகச் சொல்ல அவள் தோல் உரிய அடி வாங்கியிருக்கிறாள். நீங்கள் என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்கள், அவள் மட்டும் ஓசி என்று கூப்பிடட்டும்.

டீச்சரம்மா, அவளைத் திரும்பச் சேருங்கள். சேர்த்ததும் முதல் வேலையாக இதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்:

ஓசி வருதுடி. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருது. பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்து நில். மேடு வந்தால் இறங்கித் தள்ள இப்போது முட்டி ஒத்துழைக்காது, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.